பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை எடைபோடுவது எப்படி?

இரண்டு சேனல், ஒரு வால்யூம் குமிழ், பின்பக்கம் நாலைந்து இன்புட், ஸ்பீக்கர் மாட்ட முனைகள். இந்த வகை ஆம்ப்ளிஃபயரின் உள்ளமைப்பு ஐம்பது வருடமாகப் பெரிதாக மாறவில்லை. அதனால் 1978-ல் செய்ததையும் போன வருடம் செய்ததையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இரண்டு இடங்களில்: முகப்பில் உள்ள பிராண்ட் பெயர், அட்டையில் உள்ள வாட் எண். உண்மையான மதிப்பு பவர் சப்ளையிலும், ஹீட்சிங்கிலும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு), பாகங்களின் இன்றைய நிலையிலும், கெட்டால் சரிசெய்ய முடியுமா என்பதிலும் இருக்கிறது. இவற்றைப் பார்த்துவிட ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், போனாலும் பரவாயில்லை என்ற ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு டார்ச், ஒரு ஹெட்ஃபோன், ஒரு மணி நேரம் போதும்.

வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் கண், பிறகு மீட்டர், கடைசியில் காது. பாட்டைப் போட்டுக் கேட்டு மனம் மயங்கிய பிறகு குறைகள் கண்ணில் படாது.

வாட் கணக்கு

காது திறனைக் கூட்டல் கணக்கில் உணர்வதில்லை. வாட் இரட்டிப்பானால் 3 டெசிபெல்தான் கூடுகிறது. ஒலி இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு திறன். 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.8 டெசிபெல். அந்தப் பத்து வாட்டுக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் பொருள் இல்லை.

நடைமுறையில் எவ்வளவு தேவை? ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். சாதாரண அறையில் நிம்மதியாகக் கேட்கும் ஒலிக்குச் சராசரியாக ஒரு வாட் அளவில்தான் செலவாகும். இசையின் உச்சங்கள் சராசரியைவிட 10 முதல் 15 டெசிபெல் மேலே எழும். அதற்குப் பத்து முதல் முப்பது வாட் வேண்டும். ஆக, நேர்மையான 30 அல்லது 40 வாட் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். ‘நேர்மையான’ என்பதுதான் இங்கே கேள்வி.

நேர்மையான எண் என்றால் அதனுடன் நான்கு தகவல்கள் இருக்கும்: இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் இயங்கியபோது அளந்தது, எத்தனை ஓம் சுமை (ஸ்பீக்கர் தரும் மின்தடை), எந்த அலைவரிசை (வழக்கமாக 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை), எவ்வளவு சிதைவு. 1960-களில் ‘மியூசிக் பவர்’, ‘பீக் பவர்’ என்று மனம் போன எண்களை அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-ல் விதி கொண்டுவந்து, தொடர் திறனை இந்த நிபந்தனைகளோடு சொல்ல வேண்டும் என்றது. அளப்பதற்கு முன்னால் மூன்றில் ஒரு பங்குத் திறனில் ஒரு மணி நேரம் ஓட்டவும் சொன்னது. அந்த மூன்றில் ஒரு பங்கு தற்செயலானதல்ல. ஏபி வகை (வீட்டு ஸ்டீரியோக்களில் வழக்கமான வகை) ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர்கள் அதிகம் சூடாவது முழுத் திறனில் அல்ல, ஏறத்தாழ 40 சதவீதத்தில். அதைத் தாங்கப் பெரிய ஹீட்சிங்க் தேவைப்பட்டது. 1970-களின் பின்பாதியில் வந்த பல ஸ்டீரியோக்கள் இரும்புப் பெட்டி மாதிரி கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பி.எம்.பி.ஓ. (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்று எங்காவது கண்டால் அந்த எண்ணை அப்படியே மறந்துவிடலாம்; அதற்குப் பொதுவான அளவு முறையே கிடையாது.

அடுத்து, 8 ஓமில் உள்ள எண்ணையும் 4 ஓமில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 8 ஓமில் 50 வாட் என்றால் 20 வோல்ட். அதே 20 வோல்ட்டை 4 ஓமில் தாங்கிப் பிடிக்க 5 ஆம்பியர் வேண்டும். அப்போது 100 வாட் கிடைக்கும். இது கற்பனையான முழுமை. நல்ல ஆம்ப் 75, 80 வரை போகும். 8 ஓமில் 50, 4 ஓமில் 55 என்றிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சிறியது, அல்லது மின்னோட்டத்தைச் சுற்று கட்டுப்படுத்துகிறது. பல ஸ்பீக்கர்கள் ‘8 ஓம்’ என்று எழுதியிருந்தாலும் சில அலைவரிசைகளில் 4 ஓமுக்கு அருகில் இறங்குபவை. அங்கேதான் பலவீனமான ஆம்ப் மூச்சு வாங்கும். 1978-ல் வந்த, என்ஏடி நிறுவனத்தின் 3020 ஆம்ப் தாளில் வெறும் 20 வாட். ஆனால் கணநேர உச்சங்களில் அதைப்போல இரு மடங்கு தரவும், குறைந்த ஓம் ஸ்பீக்கர்களைக் கண்டு துவளாமல் இருக்கவும் வடிவமைக்கப்பட்டது. அதன் புகழுக்கு அதுவே காரணம்.

சிதைவு அளவைப் பொறுத்தவரை, 0.1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் 0.01-க்கும் 0.001-க்கும் இடையே அலைய வேண்டாம். டேம்பிங் ஃபாக்டரும் (ஸ்பீக்கரின் அசைவை ஆம்ப் எவ்வளவு அடக்குகிறது என்பதன் அளவு) அப்படியே. ஸ்பீக்கர் சுருளுக்கே ஐந்தாறு ஓம் மின்தடை உண்டு; அதனால் ஐம்பதுக்கு மேல் 200 என்றாலும் 500 என்றாலும் காதில் பெரிய மாற்றம் இராது.

மின்சாரம் கொடுக்கும் முன்

பின்பக்கத் தகட்டில் முதலில் பார்க்க வேண்டியது வோல்டேஜ். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை. வட அமெரிக்காவுக்குச் செய்தவை 120. ஐரோப்பாவுக்கும் இன்னும் பல நாடுகளுக்கும் 220 முதல் 240. சிலவற்றில் மாற்றும் சுவிட்ச் இருக்கும், பலவற்றில் இருக்காது. 100 வோல்ட் ஆம்பை 230 வோல்ட்டில் செருகினால் ஃபியூஸோடு நின்றால் அதிர்ஷ்டம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்பட்டால் அதன் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

அதே தகட்டில் மின்நுகர்வு வாட்டில் இருக்கும். ஏபி வகையில் இரண்டு சேனலுக்கும் 50 வாட் வீதம் தர, உள்ளே ஏறத்தாழ 180 முதல் 220 வாட் வரை இழுக்கும். ‘சேனலுக்கு 100 வாட்’ என்று முகப்பில் எழுதிவிட்டுப் பின்னால் 90 வாட் என்றிருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் உடனே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம்; சில பாதுகாப்புத் தரங்களின்படி முழுத் திறனில் அல்ல, எட்டில் ஒரு பங்குத் திறனில் அளந்து எழுதுவதுண்டு. அதற்குத்தான் தூக்கிப் பார்ப்பது. சேனலுக்கு 50 வாட் தரும் வழக்கமான ஆம்ப் 7 முதல் 10 கிலோ இருக்கும், எடையும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பக்கம் சாயும். பெட்டி பெரிதாக இருந்து கையில் லேசாக வந்தால் உள்ளே காற்றுதான் அதிகம். (டிரான்சிஸ்டர்களை வேகமாக ஆன்-ஆஃப் செய்து இயங்கும் டி வகை ஆம்ப்களுக்கு இந்த எடைக் கணக்கு பொருந்தாது.)

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைத் திறக்க அனுமதி கேளுங்கள். திறந்தவுடன் கை வைக்க வேண்டாம். பெரிய கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேமிக்கும் உருளைகள்) அணைத்த பிறகும் 30, 50 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். டார்ச் அடித்துக் கீழே உள்ளவற்றைத் தேடுங்கள்.

பெரிய கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் ஆயுள் முடிந்தது. அடிப்பகுதியில் பழுப்பு நிறத்தில் எதையாவது பார்த்தால் கசிவு என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அது தொழிற்சாலையில் அதிராமல் இருக்க ஊற்றிய பசை. ஆனால் அந்தப் பசையே ஒரு தொல்லை. 1970, 80-களின் பல ஆம்ப்களில் அது வருடக்கணக்கில் சூடு பட்டுக் கறுத்து, மின்சாரத்தைக் கடத்தவும், பக்கத்து டையோடு, ரெசிஸ்டர் கால்களை அரிக்கவும் ஆரம்பிக்கும். வெளிர் மஞ்சளாக இருந்தால் அவசரமில்லை. கரும்பழுப்பாகி உலோகக் கால்களில் ஒட்டிக்கொண்டிருந்தால் சுரண்டி எடுக்க வேண்டிய வேலை காத்திருக்கிறது.

பவர் சுவிட்ச் அருகே கண்ணாடி போன்ற மஞ்சள் உறையில் ஒரு சிறு கட்டி தெரிகிறதா? சில ஐரோப்பிய ஆம்ப்களில் இருக்கும் அந்தக் காகித கெப்பாசிட்டரின் உறை வயதானால் விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சும். ஒருநாள் நாற்றத்தோடு புகை கக்கும். மாற்றுவது சில நிமிட வேலை. எக்ஸ்2 வகை (வீட்டு மின்சாரத்தோடு நேராக இணைக்கத் தகுந்தது) என்று குறித்திருப்பதையே போட வேண்டும்.

இப்போது ஹீட்சிங்கில் உள்ள அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். இடது சேனலிலும் வலது சேனலிலும் ஒரே எண், ஒரே மாதிரி அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வேறு பிராண்ட், புதிய வெள்ளைப் பேஸ்ட், பளபளக்கும் சால்டர் என்றால் அந்தச் சேனல் ஒருமுறை எரிந்திருக்கிறது. எரிந்தது குற்றமல்ல, எதைப் போட்டுச் சரிசெய்தார்கள் என்பதே கேள்வி. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போன்ற பிரபலமான ஜோடிகளில் போலிகள் ஏராளம். உள்ளே சிறிய சிலிக்கான் சில்லை வைத்து மேலே பெரிய எண்ணை அச்சடித்திருப்பார்கள். சின்ன ஒலியில் ஒழுங்காகப் பாடிவிட்டு, ஒருநாள் சத்தம் கூட்டியதும் போய்விடும்.

தனி டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் ‘எஸ்டிகே’ என்று தொடங்கும் எண் கொண்ட ஒரே பெரிய கறுப்புக் கட்டி இருந்தால் அது சான்யோவின் ஹைப்ரிட் மாட்யூல். ஒலி நன்றாகவே இருக்கலாம். ஆனால் பழைய எண்களில் அசல் கிடைப்பது கடினம். அது போனால் ஆம்பும் போனதாக எண்ணி விலை பேசுங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது

வருடக்கணக்கில் பரணில் கிடந்த ஆம்பை நேராக மின்சாரத்தில் செருகக் கூடாது. ‘சீரிஸ் பல்பு’ வைத்து ஆன் செய்வதே பழக்கம்: ஆம்புக்குப் போகும் லைன் கம்பியில் தொடராக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்று. எல்இடி பல்பு உதவாது. இழை சூடாகி மின்தடை கூடுவதுதான் இங்கே பாதுகாப்பு. ஸ்பீக்கர் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, கெப்பாசிட்டர்கள் நிரம்பிவிட்டன. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட்; உடனே அணைத்துவிடுங்கள். இந்தப் போர்டைச் செய்யத் தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் செய்து வாங்குங்கள், மெயின்ஸில் தட்டுத்தடுமாறிக் கற்க வேண்டாம். பல்பு தொடரில் இருக்கும்போது சத்தமாகப் பாட்டுப் போடவும் கூடாது; ஆம்புக்கு வோல்டேஜ் போதாது.

விற்பவர் வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப் என்றால் பல்பு தேவையில்லை. ஆன் செய்து காதைக் கொடுங்கள். 3 முதல் 6 விநாடிக்குள் உள்ளே ‘டக்’ என்று ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) விழ வேண்டும். அந்த இடைவெளியில் காவல் சுற்று அவுட்புட்டில் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பீக்கரை இணைக்கிறது. ரிலே விழவே இல்லை என்றால் ஒன்று ஏதோ ஒரு சேனல் கெட்டிருக்கிறது, அல்லது காவல் சுற்றே கெட்டிருக்கிறது. இரண்டாவதென்றால் சின்ன வேலை, முதலாவதென்றால் பெரிய வேலை. எது என்று தெரியும்வரை பெரிய வேலை என்றே விலை வைக்க வேண்டும்.

டி.சி. அளவு

ஒரே ஒரு அளவு எடுக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் அது இதுதான். ஸ்பீக்கர்கள் கழற்றிய நிலையில், வால்யூம் பூஜ்யத்தில், மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு சேனலின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு இடையே தொடுங்கள். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கணத் தவறில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகலாம்.

20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அருமை. 50 வரை கவலையில்லை. 50 முதல் 100 வரை, சரிசெய்யும் திருகு உள்ளே இருக்கலாம், சர்வீஸ் மேனுவல் பார்த்துத் திருத்த வேண்டும். 100-ஐத் தாண்டினால் நல்ல ஸ்பீக்கரை மாட்ட வேண்டாம். 100 மில்லிவோல்ட் ஸ்பீக்கரை எரித்துவிடாது. ஆனால் உள்ளே சமநிலை குலைந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்தக் கோளாறு முற்றி முழு வோல்டேஜும் வெளியே வந்தால், 35 வோல்ட் 6 ஓம் சுருளில் 200 வாட்டுக்கு மேல் சூட்டைக் கொட்டும். சில விநாடிகளில் ஸ்பீக்கர் கருகும்.

எண்ணைவிட அதன் நடத்தை முக்கியம். ஆன் செய்ததும் 60 காட்டி, ஐந்து நிமிடத்தில் 15-க்கு இறங்கி நின்றால் அது ஆரோக்கியம். அரை மணி கழித்தும் 10, 45, 20 என்று தாவிக்கொண்டே இருந்தால் இன்புட் பக்கத்து டிரான்சிஸ்டர் களைத்துவிட்டது, அல்லது சரிசெய்யும் திருகில் அழுக்கு. சேனலுக்கு ஒரு பெரிய கெப்பாசிட்டர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிகப் பழைய ஆம்ப்களில் இந்த அளவு பூஜ்யத்துக்கு அருகிலேயே இருக்கும். அங்கே ஆன் செய்யும்போது வரும் ‘தொம்’ சத்தம் இயல்பு.

சின்ன ஒலியில் தெரியும் கோளாறுகள்

மலிவு ஸ்பீக்கர்களை மாட்டுங்கள். லவுட்னஸ் பட்டனை அணைத்து, பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ் மூன்றையும் நடுவில் வையுங்கள். பாட்டே வரவில்லை என்றால் பதறுமுன் ‘டேப் மானிட்டர்’ பட்டன் (அழுத்தினால் டேப் இன்புட் மட்டுமே கேட்கும்) அழுந்தியிருக்கிறதா, பின்பக்கம் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ முனைகளை (ஆம்பின் முன்பகுதியின் வெளி, பின்பகுதியின் உள்) இணைக்கும் சிறு உலோகக் கம்பிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கெட்டுப்போனது என்று அடிமாட்டு விலைக்குப் போன எத்தனையோ ஆம்ப்களில் குறை இவ்வளவுதான்.

முதலில் பாட்டில்லாமல், வால்யூம் பூஜ்யத்தில், ஸ்பீக்கரில் காதை வையுங்கள். லேசான ‘ஸ்ஸ்’ இருக்கலாம். ஒரு அடி தள்ளினால் கேட்கக் கூடாது. ‘ம்ம்ம்’ என்ற உறுமல் கேட்டால் வால்யூமைக் கூட்டிப் பாருங்கள். வால்யூமோடு சேர்ந்து கூடினால் கோளாறு முன்பகுதியிலோ, கேபிளிலோ, எர்த் இணைப்பிலோ. எல்லா இன்புட் கேபிளையும் பிடுங்கியதும் மறைந்துவிட்டால் ஆம்ப் மேல் பழியில்லை. வால்யூம் எங்கிருந்தாலும் ஒரே அளவில் உறுமினால் பவர் சப்ளை கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கின்றன. அந்த உறுமல் மின்சார அலைவரிசையைப்போல் இரு மடங்கில் வரும்: 50 ஹெர்ட்ஸ் ஊரில் 100, 60 ஹெர்ட்ஸ் ஊரில் 120. ஸ்பீக்கரில் இல்லாமல் பெட்டியிலிருந்தே வரும் ரீங்காரம் வேறு. அது டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் அதிர்வது. எரிச்சலூட்டும், ஆனால் ஒலியைக் கெடுக்காது.

வால்யூம் குமிழை மெதுவாகச் சுற்றுங்கள். கரகரப்பு வந்தால் விலை குறைக்கப் பேசலாம், பயப்பட வேண்டாம். மின்தொடர்புகளுக்கென்றே விற்கும், மசகு விட்டுச் செல்லும் கிளீனரைக் குமிழின் உடலில் உள்ள இடுக்கில் சிறிது அடித்து முப்பது நாற்பது முறை சுற்றினால் பெரும்பாலும் போய்விடும். டபிள்யூடி-40 அந்த வேலைக்கு ஆகாது. இன்னொன்று: மிகக் குறைந்த ஒலியில் பாட்டு ஒரு பக்கம் சாய்கிறதா என்று மோனோ பட்டனை அழுத்திக் கேளுங்கள். வால்யூமின் இரண்டு பாதிகளும் அடிமட்டத்தில் சமமாக இல்லாதது பழைய குமிழ்களின் பிறவிக் குறை. கிளீனர் அதைத் தீர்க்காது. இரவில் மெல்லக் கேட்பவர்களுக்கு அது தினசரித் தொந்தரவு.

இப்போது ரிலே சோதனை. பாட்டைச் சன்னமான ஒலியில் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு சேனல் மங்கி, நசுங்கி, காணாமல் போய், வால்யூமைக் கூட்டியதும் ‘பட்’டென்று திரும்பி வந்து, குறைத்த பிறகும் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறதா? ரிலேயின் தொடுமுனைகளில் படலம் படிந்திருக்கிறது. சிறிய மின்னோட்டம் அந்தப் படலத்தைத் துளைக்க முடியாமல் நிற்கிறது, பெரிய மின்னோட்டம் துளைத்துவிடுகிறது. விற்பவர்கள் சத்தமாக வைத்தே போட்டுக் காட்டுவதால் இது பிடிபடாமல் தப்பிவிடுகிறது. ‘ஸ்பீக்கர் ஏ/பி’ சுவிட்சைப் பத்து முறை மாற்றியதும் சரியாகிவிட்டால் அழுக்கு ரிலேயில் இல்லை, அந்தச் சுவிட்சில். ரிலேதான் என்றால் அதே சுருள் (காயில்) வோல்டேஜ் (பெரும்பாலும் 24), அதே கால் அமைப்பு உள்ள புதியதைப் போட வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய், சில மாதங்களில் நோய் திரும்பும்.

ஒரு சேனல் மட்டும் மோசம் என்றால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஆம்பை அணைத்துவிட்டு இன்புட் கேபிளின் இடது வலதை மாற்றிச் செருகுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் பாட்டு வரும் கருவியிலோ கேபிளிலோ குறை. மாறவில்லை என்றால் கேபிளைப் பழையபடி வைத்து, ஸ்பீக்கர் கம்பிகளை இடம் மாற்றுங்கள். கோளாறு இப்போது அடுத்த ஸ்பீக்கருக்குப் போனால் ஆம்பின் அந்தச் சேனல்தான். பழைய ஸ்பீக்கரிலேயே நின்றால் ஸ்பீக்கர்.

எல்லா இன்புட்டையும், எல்லா பட்டனையும் தொட்டுப் பாருங்கள். ரெக்கார்ட் கேட்பவர்கள் ஃபோனோவைத் தனியாகச் சோதிக்க வேண்டும்: அங்கே வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான், அதை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கி, ரெக்கார்டில் குறைத்துப் பதித்த தாழ்ஒலிகளைத் திரும்ப ஏற்றித் தருகிறது அந்தச் சுற்று. டர்ன்டேபிள் மாட்டாமல் சும்மா திறந்து வைத்தால் எந்த ஃபோனோ இன்புட்டும் உறுமும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

குமிழ் ஏமாற்றும்: பழைய ஆம்ப்களின் லைன் இன்புட் 150 மில்லிவோல்ட்டிலேயே முழுத் திறனை எட்டும்படி அமைந்தது. சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். அதனால் குமிழைக் கால்வாசி திருப்பியதுமே அறை அதிரும். ‘கால்வாசியிலேயே இவ்வளவு சத்தம், முழுசா வெச்சா எப்படி இருக்கும்’ என்று யாராவது சொன்னால் அது வாட்டின் பெருமை அல்ல. அந்த இடத்துக்கு மேல் திருப்பினால் கிடைப்பது சிதைவு மட்டுமே.

சூடேறிய பிறகு

ஆன் செய்து பாட்டில்லாமல் அரை மணி விட்டபின் இரண்டு ஹீட்சிங்கையும் தொடுங்கள். இரண்டும் ஒரே அளவில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று சில்லென்றும் மற்றொன்று கொதித்தும் இருந்தால் பயாஸ் மின்னோட்டம் (பாட்டில்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டம்) தவறியிருக்கிறது. சில்லென்ற பக்கத்தில் சன்னமான ஒலி சற்றே சொரசொரப்பாகக் கேட்கும், ஏனெனில் மேல்பாதி டிரான்சிஸ்டரும் கீழ்பாதி டிரான்சிஸ்டரும் வேலையைக் கைமாற்றும் இடத்தில் இடைவெளி விழுகிறது. கொதிக்கும் பக்கம் ஆயுளைத் தின்றுகொண்டிருக்கிறது. மிதமான சூடு என்பது உள்ளங்கையை வைத்து நிதானமாகப் பத்து எண்ணும் அளவு. ஏ வகை ஆம்ப்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை சும்மா இருக்கும்போதே கடுமையாகச் சுடும்.

பிறகு தாழ்ஒலி நிறைந்த பாட்டைச் சற்றுச் சத்தமாகப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். குரல் கூர்மையாகி உறுத்துகிறதா, தாழ்ஒலி சுருதியிழந்து தட்டையாகிறதா, ரிலே விட்டு விட்டுப் பிடிக்கிறதா, எரிந்த வாடை வருகிறதா என்று கவனியுங்கள். நியாயமான சத்தத்திலேயே உறுத்தினால் ஆம்ப் எல்லையைத் தொட்டுவிட்டது.

வாட்டை உண்மையாகவே அளக்க விரும்பினால் சேனலுக்கு ஒரு 8 ஓம், 100 வாட் ரெசிஸ்டர் (ஹீட்சிங்கில் பொருத்தியது) மற்றும் ஆசிலாஸ்கோப் (அலையின் வடிவைத் திரையில் காட்டும் கருவி) வேண்டும். இரண்டு சேனலிலும் சுமை இருக்க, டெஸ்ட் டோன் கொடுத்து, அலையின் தலை தட்டையாகத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் ஏ.சி. வோல்டேஜை (ஆர்.எம்.எஸ்., உச்ச வோல்டேஜ் அல்ல) மீட்டரில் படியுங்கள். வோல்ட்டைத் தன்னாலே பெருக்கி 8-ஆல் வகுத்தால் வாட். 18 வோல்ட் என்றால் 40.5 வாட். அரை நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். பிரிட்ஜ் வகை அவுட்புட் (இரண்டு முனையிலும் சிக்னல் வருவது) உள்ள ஆம்ப்களில் கறுப்பு முனையும் எர்த் அல்ல. ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அங்கே மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ள வால்வ் ஆம்ப் என்றால் இந்த வழிகாட்டியின் பாதி பொருந்தாது. அதன் மதிப்பில் பெரும்பங்கு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்களில் இருக்கிறது, ஸ்பீக்கரோ சுமையோ இல்லாமல் அதை ஓட்டக் கூடாது, உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அனுபவசாலியோடு போங்கள்.

இரண்டை ஒப்பிட்டுக் கேட்க

ஒலி அளவைச் சமப்படுத்தாத ஒப்பீடு வீண். இரண்டு ஆம்பில் ஒன்று கால் டெசிபெல் கூடுதலாக இருந்தால் அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று காது சொல்லாது. ‘தெளிவு அதிகம்’, ‘உயிர் இருக்கிறது’ என்று சொல்லும். ஆகவே 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏ.சி. வோல்ட்டை அளந்து, இரண்டு ஆம்பிலும் ஒரே எண் வரும்படி குமிழை நிறுத்துங்கள், உதாரணமாக 1.00 வோல்ட். ஒரு சதவீத வேறுபாடு 0.1 டெசிபெல்லுக்குள் அடங்கும், அதற்குள் கொண்டுவாருங்கள். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவு மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தவறிப் படிக்கும். ஸ்பீக்கர் அதே, பாட்டு அதே, டோன் கன்ட்ரோல்கள் நடுவில். எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் இன்னொருவர் மாற்றட்டும். கம்பிகளை மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இரண்டையும் அணைத்துவிட வேண்டும்.

இப்படிச் செய்தால், எல்லைக்குள் இயங்கும் இரண்டு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்களைப் பிரித்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்று விளங்கும். பிரிக்க முடியவில்லை என்றால் அதிக விலையுள்ளதில் நீங்கள் ஒலியை வாங்கவில்லை. நல்ல ஃபோனோ, கூடுதல் இன்புட், கடினமான ஸ்பீக்கரைத் தாங்கும் பலம், அழகான முகப்பு, இவற்றில் எதையோ வாங்குகிறீர்கள். அது உங்களுக்கு வேண்டுமா என்பதே முடிவு.

விலை பேசுவதற்கு

விளம்பரத்தில் கேட்கும் விலையைச் சந்தை விலை என்று கொள்ளாதீர்கள். அதே மாடல் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று விற்றுமுடிந்த பட்டியல்களில் பாருங்கள். அந்த விலை நன்றாக ஓடும் ஆம்புக்கு. அதிலிருந்து கண்ட குறைகளுக்கான பழுதுச் செலவைக் கழித்து, மேலும் காணாத குறைகளுக்காகக் கொஞ்சம் கழியுங்கள்.

கழிக்கும்போது குறைகளை இரண்டு கூடையில் போடுங்கள். கரகரக்கும் குமிழ், ரிலே, முகப்பு விளக்கு, ஃபியூஸ், வற்றிய கெப்பாசிட்டர், தளர்ந்த ஸ்பீக்கர் முனை எல்லாம் பாகம் மலிவானவை, கூலிதான் செலவு. எரிந்த டிரான்ஸ்ஃபார்மர், உற்பத்தி நின்றுபோன மாட்யூல், 2எஸ்கே134, 2எஸ்ஜே49 போன்ற இன்று செய்யப்படாத ஹிட்டாச்சி மாஸ்ஃபெட்டுகள் (ஒருவகை அவுட்புட் டிரான்சிஸ்டர்), உடைந்த முகப்பு, தொலைந்த குமிழ் ஆகியவை வேறு. ஒரே ஒரு குமிழுக்காக இன்னொரு ஆம்பையே வாங்க வேண்டிவரும். இரண்டாம் கூடையில் ஏதாவது விழுந்தால், உதிரிக்கு வாங்கும் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். சர்வீஸ் மேனுவல் கிடைக்கிற மாடலுக்குச் சற்றுக் கூடுதல் கொடுப்பதில் தவறில்லை. அது இல்லாமல் பழுதுபார்ப்பவர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும்.

‘எல்லா கெப்பாசிட்டரும் புதுசு’ என்று சொன்னால் உடனே மதிப்பைக் கூட்டாதீர்கள். எந்த பிராண்ட், யார் மாற்றியது, போர்டின் அடிப்பக்கப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். சூடு படாத இடங்களில் இருக்கும் சிறிய கெப்பாசிட்டர்கள் நாற்பது வருடத்துக்குப் பிறகும் அளவு மாறாமல் இருப்பதுண்டு. அவற்றையெல்லாம் மொத்தமாகப் பிடுங்கி மாற்றும்போது செம்புத்தடம் உரிந்துபோவதும், பிளஸ் மைனஸ் மாறிப்போவதும் நடக்கிறது. யாரும் கை வைக்காத ஆம்ப் பல நேரம் அரைகுறையாகக் கை வைத்ததைவிட மேல்.

வாங்கி வந்தபின் மேலே ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள், வேறு கருவியை அதன் தலையில் அடுக்க வேண்டாம். ஸ்பீக்கர் ‘ஏ’, ‘பி’ இரண்டிலும் 4 ஓம் ஜோடிகளை மாட்டி ஒன்றாக ஓட்டினால் பல ஆம்ப்கள் 2 ஓமைச் சுமக்க நேரிடும்; பின்பக்கம் அச்சிட்டுள்ள குறைந்தபட்ச ஓமைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் உறங்கிய ஆம்ப் தினமும் ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில்தான் பழைய பாகங்கள் கைவிடும். எனவே அந்த ஒரு வாரம் மலிவு ஸ்பீக்கர்களிலேயே ஓட்டி, ஏழாம் நாள் டி.சி. அளவை மீண்டும் எடுத்து, முதல் நாள் எண்ணோடு ஒப்பிட்டபின் நல்ல ஸ்பீக்கர்களை மாட்டுங்கள்.